‘ஃபீச்சரிங்’னா யாரு பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். பிட், புளூடூத், பக்கத்து பெஞ்ச்... எதுவும் கூடாது. ஒரே ஒரு கேள்விதான். ‘ரவுடி பேபி’ யாரோட பாட்டு?

‘தனுஷ் பாட்டு’னு சொல்றவங்க கையைத் தூக்குங்க. ம்... முக்கால்வாசி கிளாஸ்! ‘சாய் பல்லவி பாட்டு’? லாஸ்ட் பெஞ்ச் மொத்தமும் எழுந்து நிக்குது. ‘யுவன்’னு ஒரு பத்துப் பேர். டான்ஸ் கிளப் ஆளுங்க மட்டும் ‘பிரபுதேவா மாஸ்டர்’னு முனகுறாங்க.

எல்லாருக்கும் பாஸ் மார்க். படம் ‘மாரி 2’, 2018 டிசம்பர் ரிலீஸ். பாட்டை எழுதினது தனுஷ், இசை யுவன், டான்ஸ் பிரபுதேவா. ஆனா, தனுஷ் குரலுக்குச் சரிக்குச் சரியா நின்னு வம்பு பண்ணுதே ஒரு பொண்ணு குரல்... அது யாரு?

என்ன, கிளாஸே கப்சிப்னு ஆயிடுச்சு?

அது தீ. ஆமா பாஸ், பேரே அதுதான். ஒரே எழுத்து! யூடியூபில் 2020 நவம்பரிலேயே 100 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. அத்தனை தடவை காதுல விழுந்த குரலுக்கு இருந்தது ஒரே ஒரு எழுத்துப் பேர். அதையே நாம ஞாபகம் வெச்சுக்கலை!

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவங்களுக்குத் தெரியும், இங்க பாட்டுக்கு மார்க் போடுறது கிடையாது. பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டரைத்தான் நோண்டுவோம். இந்த வார மேட்டர், பேர். ஒரு பாட்டு மேல யார் பேர் வருது, யார் பேர் வரலை, வரலைன்னா என்ன ஆகுது? எடுத்துக்கிட்ட பாட்டு, அதே தீ பாடின ‘என்ஜாய் எஞ்சாமி’.

ஆல் பாஸ் பேட்ச் பாட்டு

2021 மார்ச் 7. நம்மில் பல பேர் அப்போ பத்தாவது. கொரோனா புண்ணியத்துல பரீட்சையே எழுதாம ஆல் பாஸ் ஆன வரலாற்றுச் சிறப்புமிக்க பேட்ச்! போன்ல ஆன்லைன் கிளாஸ் ஒரு பக்கம் ஓடும், இந்தப் பாட்டு இன்னொரு பக்கம் ஓடும். ஆவடி ஸ்டேஷன்ல இறங்கி வெள்ளானூருக்கு ஷேர் ஆட்டோ பிடிச்சா, டிரைவர் அண்ணன் ஸ்பீக்கர்லயும் இதேதான். கல்யாண மண்டபம், காதுகுத்து, கட்சி ஊர்வலம்... எங்கேயும் விடலை.

அதுல ஒரு விசேஷம் இருந்ததைக் கவனிச்சீங்களா? அது சினிமா பாட்டு கிடையாது. ஹீரோ இல்லை, இன்ட்ரோ சீன் இல்லை, ஆடியோ லாஞ்ச் இல்லை. ஒரே ஒரு சிங்கிள். ‘மாஜா’ என்ற புது லேபிள் வழியா வந்தது. பாட்டுக்கு முன்னால போட்டிருந்த பேர், தீ. அதுக்கு அடுத்து ‘ஃபீச்சரிங் அறிவு’. தயாரிச்சு இசையமைச்சவர் சந்தோஷ் நாராயணன். வீடியோவை இயக்கினவர் அமித் கிருஷ்ணன்.

ஒரு பொண்ணு பேர் முன்னாடி வர்றதெல்லாம் ஒரு மேட்டரான்னு கேக்குறீங்களா? தமிழ்ல அது பெரிய மேட்டர் பாஸ்! நம்ம ஊர்ல பாட்டுன்னா சினிமாதான். சினிமாப் பாட்டுன்னா ஹீரோ பேர், இல்லேன்னா மியூசிக் டைரக்டர் பேர். பாடுற பொண்ணு பேர் கேசட் அட்டையின் பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். கேசட் போய் சி.டி. வந்து, சி.டி. போய் போன் வந்தப்போ அந்தப் பின்பக்கமும் காணாமப் போச்சு. ‘மெட்ராஸ்’ படத்துல ‘நான் நீ’ (2014), ‘இறுதிச்சுற்று’ படத்துல ‘ஏய் சண்டக்காரா’ (2016), ‘சூரரைப் போற்று’ படத்துல ‘காட்டுப் பயலே’ (2020)... எல்லாத்துலயும் தீ குரல் இருக்கு. அதையெல்லாம் யாராவது ‘தீ பாட்டு’னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ‘என்ஜாய் எஞ்சாமி’யில்தான் அந்த ஒரு எழுத்து பாட்டோட வாசல்ல வந்து நின்னுச்சு. சந்தோஷ் நாராயணன் வீட்டுப் பொண்ணுங்கிறதால வந்த சான்ஸ்னு சிலர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனா யுவனும், ஜி.வி.பிரகாஷும் பாடக் கூப்பிட்டது அந்தக் குரலைத்தான்.

ஸோ, முதல் பாயின்ட்டை நோட் பண்ணிக்கோங்க. தீ பேர் முன்னால வந்தது நல்ல விஷயம். ரொம்ப நாளா வரவேண்டிய விஷயம்.

அரக்கோணம் லைன்ல ஒரு பாட்டி

இப்ப அந்த ‘ஃபீச்சரிங்’ ஆளுகிட்ட வருவோம். அறிவு, நம்ம லைன் ஆளு! ஆவடியில ஏறி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர்னு போய்க்கிட்டே இருந்தா கடைசியா வருமே அரக்கோணம், அதுதான் அவர் ஊர். இன்ஜினீயரிங் படிச்சவர் என்பது கூடுதல் தகவல் (அரியர் பத்திக் கேக்காதீங்க, தெரியாது). பா.இரஞ்சித் ஆதரவோட 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுல பாடினார். 2019ல் ‘தெருக்குரல்’னு ஒரு ஆல்பம். அப்புறம்தான் இது.

‘என்ஜாய் எஞ்சாமி’ வரிகளை எழுதினது அறிவு. அதுல இருக்கிற வாழ்க்கை, அவரோட பாட்டி வள்ளியம்மாளோடது. அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவர். வீடியோவிலும் வர்றார்.

கொஞ்சம் ஹிஸ்டரி பாஸ், தூங்கிடாதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல, 19ஆம் நூற்றாண்டுல, தமிழ்நாட்டுக் கிராமங்கள்லேர்ந்து கூலி வேலைக்குன்னு சிலோன் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல காபித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம். காட்டை வெட்டி, செடியை நட்டு, கொழுந்தைப் பறிச்சு, நாலு தலைமுறை அங்கேயே வாழ்ந்தாச்சு. 1948ல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. இவங்கள்ல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்களா ஆனாங்க. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அப்படியே அரிசி மூட்டை கணக்கு! பத்து வருஷம் கழிச்சு 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க.

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினவங்க ஒவ்வொரு ஊரா சிதறினாங்க. நட்டுவெச்ச மலை அங்க, ‘சிலோன்காரங்க’ங்கிற பட்டப்பேர் இங்க. மண்ணைப் பண்படுத்தினவங்களுக்குச் சொந்தமா ஒரு கைப்பிடி மண் இல்லை. இதுதான் அந்தப் பாட்டோட அடிவயிறு. ‘எஞ்சாமி’ங்கிறது ‘என் சாமி’தான். பேரனைக் கொஞ்சுற பாட்டி சொல்ற வார்த்தை அது. கூலிக்கு நிக்கிறவங்க நிலத்துக்காரரைக் கூப்பிட்ட வார்த்தையும் அதுவே. ஒரே சொல்லுல கொஞ்சலும் கும்பிடும்!

நாம என்ன பண்ணோம்? ஆடினோம். அதுல தப்பே இல்லை. கால் தானா தாளம் போடுற பீட்டு, கூட்டமா பதில் சொல்ற கோரஸ், நடுவுல சரசரன்னு ராப், அப்புறம் ஒப்பாரியோட சாயல்... ஆடத்தான் தோணும். அழுகையை ஆட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? சாவு மேளம் கேட்டுக் கால் ஆடாத ஆள் யாரு?

பேர் காணாமப் போன மூணு இடம்

ஒண்ணு. 2021ல் டிஜே ஸ்நேக் என்ற பிரெஞ்சு டிஜே இந்தப் பாட்டை ரீமிக்ஸ் பண்ணார். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஸ்பாட்டிஃபை ஒரு பெரிய விளம்பரப் பலகை வெச்சுது. அதுல டிஜே ஸ்நேக் இருந்தார், தீ இருந்தார். அறிவு இல்லை.

ரெண்டு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை அட்டையில தீயும், கனடாவில் வாழும் ஈழத்தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தாங்க. ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடினவர் அட்டையில இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையா கண்டிச்சார். பேச்சு பெருசாச்சு. அதுக்கப்புறம் அறிவை வெச்சுத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு.

மூணு. 2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்துல செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர், உலகம் முழுக்க இருந்து வந்த ஆட்டக்காரர்கள்... அத்தனை பேர் முன்னால தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினாங்க. அறிவு அப்போ அமெரிக்காவுல இருந்தார். சில நாள்லயே இன்ஸ்டாகிராம்ல ஒரு நீளமான பதிவு போட்டார். பாட்டை எழுதினது, மெட்டமைச்சது, பாடினது தான்தான்னும், அது தன் முன்னோரோட வரலாறுன்னும் சொன்னார்.

சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். மூணு பேரும் சேர்ந்து உருவாக்கின பாட்டு, உரிமையும் வருமானமும் மூணு பேருக்கும் சமம், மேடைக்கு வராதது அறிவு வெளிநாட்டுல இருந்ததாலதான்னு அவர் தரப்பு. தீயும் பேசினார். போற இடத்துல எல்லாம் அறிவு பேரையும் சந்தோஷ் நாராயணன் பேரையும் சொல்லித்தான் இருக்கேன்னு அவர் தரப்பு.

உடனே நம்ம மக்கள் ரெண்டு டீமா பிரிஞ்சாச்சு. ஐ.பி.எல். தோத்துது போங்க! ஒரு டீம் தீயைத் திட்டுது, இன்னொரு டீம் அறிவைத் திட்டுது. யார் எந்த மெட்டைப் போட்டாங்கன்னு அந்த ஸ்டூடியோ சுவருக்குத்தான் தெரியும். அதுக்குத் தீர்ப்பு சொல்ற சீட்ல நானும் இல்லை, நீங்களும் இல்லை.

ஆனா ஒண்ணு மட்டும் தெளிவாத் தெரியுது. விளம்பரப் பலகையை டிசைன் பண்ணது தீ கிடையாது. பத்திரிகை அட்டையை முடிவு பண்ணதும் அவங்க கிடையாது. பேரை வெட்டினது ‘ஃபீச்சரிங்’ என்ற ஒரு கத்தரிக்கோல். கமாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேரை, இடம் பத்தலைன்னா முதல்ல வெட்டலாம்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பிளேலிஸ்ட்ல இடம் பத்தலை, போஸ்டர்ல இடம் பத்தலை, தொகுப்பாளர் வாயில இடம் பத்தலை... வெட்டு!

‘ரவுடி பேபி’யில வெட்டுப்பட்டது தீ பேர். இங்க வெட்டுப்பட்டது அறிவு பேர். கத்தி ஒண்ணுதான் பாஸ். இதை ஆண் - பெண் சண்டையா மாத்துனா, கத்தி பிடிச்ச கை தப்பிச்சுடும்.

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லை. 2007ல் வந்த ‘காலா’ ஆல்பம் (ரஜினி படம் இல்லை பாஸ், இது லண்டன் தமிழ்ப் பொண்ணு எம்.ஐ.ஏ. தன் அம்மா பேர்ல போட்ட ஆல்பம்). அதுல வர்ற ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ ரெண்டையும் கேட்டுப் பாருங்க. அடிக்கிறது நம்ம உருமி! சென்னையில ரெக்கார்ட் பண்ணது. அதைக் கேட்டு லண்டன் கிளப்ல ஆடினவங்கள்ல எத்தனை பேர் உருமி அடிச்சவர் பேரைக் கேட்டிருப்பாங்க? அட, நாம கேட்டோமா?

காசு எங்கே?

பேர் போனா போகட்டும், காசாவது வந்துச்சான்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. யூடியூப்ல மட்டும் 40 கோடி தடவைக்கு மேல ஓடின பாட்டு ஆச்சே!

2024 மார்ச். பாட்டு வந்து சரியா மூணு வருஷம். சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். இந்தப் பாட்டால இதுவரைக்கும் தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ ஒரு ரூபாய்கூட வரலைன்னு சொன்னார். லேபிளைத் தொடர்புகொள்ள எவ்வளவோ முயற்சி பண்ணதாகவும் சொன்னார். ஏ.ஆர்.ரஹ்மானும் இதுல ஏமாற்றப்பட்டவர்தான்னு அவர் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷம் முன்னால பேருக்காக ஆளுக்கொரு பக்கம் நின்ன மூணு பேரும், காசு விஷயத்துல ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்திருக்காங்க. காலி பெஞ்ச்!

சிலபஸ்ல இல்லாத சப்ஜெக்ட்

இனிமே சொல்றது பரீட்சைக்கு வராது, வாழ்க்கைக்கு வரும். ஒரு பாட்டுன்னு நாம சொல்றோமே, சட்டத்தோட கண்ணுல அது ஒரு பொருளே இல்லை. மூணு அடுக்கு.

முதல் அடுக்கு, வரி. சட்டத்துக்கு அது இலக்கியம். ரெண்டாவது, மெட்டு. அது இசைப்படைப்பு. மூணாவது, ஸ்டூடியோவுல பதிவான ஒலி. அதுதான் நாம கேக்குற ஃபைல். முதல் ரெண்டும் எழுதினவரோட, இசையமைச்சவரோட ஆயுள் முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் பதிப்புரிமை உள்ளவை. ஒலிப்பதிவுக்கு, வெளியானதுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம். அந்த ஒலிப்பதிவு காசு போட்ட தயாரிப்பாளருக்குப் போகும். பாடினவங்களுக்கு ‘நிகழ்த்துவோர் உரிமை’னு தனியா ஒண்ணு இருக்கு. அது 50 வருஷம். 2017ல் இளையராஜா, எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினப்போ டீக்கடை வரைக்கும் ‘பாட்டு பாடினவருக்கா, போட்டவருக்கா?’னு சண்டை நடந்துச்சே... அடுக்கு தெரிஞ்சிருந்தா பாதிச் சண்டை மிச்சம்!

1957ல் வந்த நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 57ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. (1957, பிரிவு 57. மனப்பாடம் ஈஸி!) அது என்ன சொல்லுதுன்னா, உங்க படைப்பை நீங்க வித்தே போட்டாலும், ‘இது நான் உருவாக்கினது’னு சொல்ற உரிமை உங்களை விட்டுப் போகாது. வீட்டை வித்தா சாவியைக் கொடுக்கணும். கவிதையை வித்தாலும் அப்பா பேர் மாறாது. அவ்வளவுதான். பாடுறவங்களுக்கும் இதே மாதிரி, பாடினவர்னு அடையாளம் காட்டச் சொல்ற உரிமை 38ஆ பிரிவுல 2012ல் சேர்ந்துச்சு.

அதே 2012 திருத்தம் இன்னொரு முக்கியமான வேலையும் பண்ணுச்சு. அதுக்காக ராஜ்யசபாவுல ஓங்கிக் குரல் கொடுத்தவர், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாட்டு எழுதினவரும் இசையமைச்சவரும் தங்களோட ராயல்டி பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது. வாரிசுக்கும், இவங்களுக்காக வசூல் பண்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் விலக்கு. ‘எல்லா உரிமையையும் உங்களுக்கே தர்றேன்’னு கையெழுத்து வாங்கினாலும் அந்தப் பங்கு மட்டும் அசையாது. ஏன் இப்படி ஒரு சட்டம்? பசியில இருக்கிறவன் எதுல வேணாலும் கையெழுத்துப் போடுவான்னு பார்லிமென்ட்டுக்கே புரிஞ்சுடுச்சு, அதான்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு ஒரு ஸ்பெஷல் நோட். ஆன்லைன்ல ஏத்துற ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி.னு எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீடு உண்டு. அதோட பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர்னு தனித்தனி ஃபீல்டு. காசு அந்த ஃபீல்டைப் பார்த்துத்தான் நடந்து வருது. எழுதினவர்ங்கிற ஃபீல்டு காலியா இருந்தா? நம்ம ஊர் போஸ்ட்மேன் மாதிரி தேடிக் கண்டுபிடிச்செல்லாம் கொடுக்க மாட்டாங்க. பேர் விட்டுப்போறது மானப் பிரச்னை மட்டும் இல்லை பாஸ், டேட்டாபேஸ் பிரச்னை!

நம்ம ஹாஸ்டல்லயும் இது நடக்குது

‘இதெல்லாம் கோடிக்கணக்குல ஓடுற பாட்டுக்கு, நமக்கென்ன?’னு நினைக்கிறீங்கதானே? ஒரு கதை சொல்றேன். ஊர், காலேஜ், ஆள் பேர் எதுவும் கேக்கக் கூடாது.

மூணு ஃப்ரெண்ட்ஸ். மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், எழுதுவான். அவன் அப்பா செங்கல் சூளையில வேலை பார்த்தவர். அந்தச் சூளையைப் பத்தித்தான் எழுதினான். ஐ.டி. பொண்ணு ஒண்ணு, பாடுவா. லேப்டாப்ல பீட் போடுற இன்னொருத்தன். ஹாஸ்டல் ரூம்ல போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை ஆஃப் பண்ணி, வேர்த்து விறுவிறுத்து ஒரு பாட்டு பண்ணாங்க. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதான் ஃபைனல்’, ‘சத்தியமா ஃபைனல்’னு ஏகப்பட்ட ஃபைல். செம டான்ஸ் நம்பர்!

வெளியூர் கல்ச்சுரல்ஸ் ஒண்ணுல பாடக் கூப்பிட்டாங்க. போய் இறங்கினா, வாசல்ல போஸ்டர். அந்தப் பொண்ணு போட்டோ, அந்தப் பொண்ணு பேர். கீழே ‘மற்றும் குழுவினர்’. போஸ்டர் அடிச்சவங்க யாருன்னே இவங்களுக்குத் தெரியாது. பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. மேடையிலேர்ந்து இறங்கினதும் எல்லாரும் அவகிட்ட வந்து, ‘நீங்களே எழுதினதா அக்கா? சூப்பர்!’னு கை குடுத்தாங்க. அவ திரும்பித் திரும்பித் தேடுறா. அவன் அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான்.

அவ எந்தத் தப்பும் பண்ணலை. அவன் கோபமும் தப்பில்லை. அப்பா உடம்புல சூளை சுட்ட தழும்பைப் பத்தி எழுதினவனுக்கு ‘குழுவினர்’ங்கிற பேர் போதுமா, சொல்லுங்க? அந்தப் பாட்டு இன்னிக்கு வரைக்கும் எங்கேயும் ஏத்தப்படலை. மூணு பேரோட லேப்டாப்லயும் தூங்குது. அவங்களுக்குள்ள பேச்சும் இல்லை. ஒரு போஸ்டர்ல ரெண்டு வரி சேர்த்திருந்தா மிச்சமாகியிருக்க வேண்டிய ஃப்ரெண்ட்ஷிப் அது.

ஒரு ஏ4 பேப்பர் போதும்

அதனால, உங்க கேங்ல யாராவது சிங்கிள் பண்றேன்னு கிளம்பினா, ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே ஒரு ஏ4 பேப்பரை எடுங்க. இதுக்கு ‘ஸ்பிளிட் ஷீட்’னு பேர். வக்கீல் வேணாம், வழவழா இங்கிலீஷ் வேணாம். தமிழ்லயே எழுதுங்க.

வரி யாரு, மெட்டு யாரு, பீட் யாரு, குரல் யாரு? ஆளுக்கு எத்தனை பங்கு? போஸ்டர்லயும் மேடையிலயும் பேர் எந்த வரிசையில வரும், யார் இல்லாட்டியும் யார் பேரைச் சொல்லியே ஆகணும்? பாட்டி சொன்ன கதையோ, ஊர்ல கேட்ட மெட்டோ உள்ள இருந்தா அது யாருதுன்னும் ஒரு வரி. எல்லாரும் கையெழுத்து, தேதி. போன்ல ஒரு போட்டோ. முடிஞ்சது வேலை!

நாளைக்கே ஒரு லேபிள் வந்து, ‘தம்பி, இங்க ஒரு சைன்’னு நீட்டினா உடனே பேனா மூடியைத் திறக்காதீங்க. எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, என்ன பங்கு, எப்போ கணக்குக் காட்டுவீங்க... நாலே கேள்வி. வருஷம் போடலைன்னா சட்டப்படி 5 வருஷம்தான். நாடு போடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். இதையும் சொல்லிப் பாருங்க, நீட்டினவர் உங்களை ‘சார்’னு கூப்பிடுவார்.

‘ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குடா பேப்பர்?’னு ஒருத்தன் கண்டிப்பாக் கேப்பான். ஃப்ரெண்ட்ஸா இருக்கும்போது எழுதுறதுதான் மச்சி சுலபம். சண்டை வந்தப்புறம் எழுதினா அதுக்குப் பேர் பெட்டிஷன்!

பாட்டு பண்ணத் தெரியாதவங்களுக்கும் (நம்ம சங்கத்துல மெஜாரிட்டி) ஒரு வேலை இருக்கு. பேரைச் சொல்லுங்க. அவ்வளவுதான். ஸ்டேட்டஸ் வெக்கும்போது பாடினவர் பேரோட எழுதினவர் பேரையும் போடுங்க. காலேஜ் டே மேடையில மைக் பிடிக்கிற தொகுப்பாளர் நீங்கதானா? ‘அடுத்து ஒரு செம பாட்டு’னு மொட்டையா விடாம, பேர் எல்லாத்தையும் முழுசாச் சொல்லிட்டு இறங்குங்க. பத்து செகண்ட் கூட ஆகாது.

தீ பேரைச் சொன்னா அறிவு பேர் குறையாது. அறிவு பேரைச் சொன்னா தீ பேர் அணையாது. காசைப் பிரிச்சாத்தான் பங்கு குறையும். பேரைப் பிரிச்சுக் கொடுத்தா யாருக்கும் குறையாது. அறிவு 2024ல் தன்னோட ஆல்பத்துக்கு வெச்ச பேரைப் பாருங்க, ‘வள்ளியம்மா பேராண்டி’! தன் பேருக்கு முன்னாடி பாட்டி பேர். நாலு தலைமுறையா எந்தத் தேயிலை டப்பாவுலயும் அச்சாகாத ஒரு பேர், இப்போ ஆல்பம் அட்டையில.

சரி, மறுபடியும் டெஸ்ட். இப்ப ஹெட்போன்ல ஓடுற பாட்டை எழுதினது யாரு? தெரியலைன்னா... சப்ளிமென்டரி எக்ஸாம் இன்னிக்கு ராத்திரியே. தேடிப் பார்த்துட்டுத் தூங்குங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம் பாஸ்!